தூங்க வைக்காத மாத்திரை

என் அப்பாவுக்குச் சளி பிடித்தால் ஆவடி மெடிக்கல் கடைக்காரர்தான் பாவம். எந்த மாத்திரையை எடுத்து நீட்டினாலும், "இது தூங்க வெக்குமா?" என்று கேட்டு உயிரை வாங்குவார். கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை ஏறும் குதிரையைப் பிடித்துக்கொண்டு நடப்பது அப்பாவின் வேலை. குதிரை முதலாளியுடையது. கோவில்பதாகையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் கொட்டகை. குதிரைக்கு ராணி என்று பெயர். நான் தினமும் புல் போட்டதால் அது என்னுடையது என்றே நினைத்திருந்தேன்.

"வண்டின்னா பிரேக் போட்டா நின்னுடும்பா. இது, நம்ம கை அசந்தா ஒடனே தெரிஞ்சிக்கும்" என்று கடைக்காரரிடம் விளக்குவார். தைலமும் தடவ மாட்டார். அந்த நெடிக்கு ராணி மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளுமாம். இதெல்லாம் கூடவே போகும் எனக்குத் தெரியும். அம்மாவிடம் அவர் சொன்னதே இல்லை.

அந்தத் தை மாதம் முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம். சளி அப்பாவைப் போட்டு வாட்டியது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. தானே வேறொரு கடைக்குப் போய், "நல்லா ஸ்ட்ராங்கா குடுங்க" என்று வாங்கி வந்து, சாயங்காலம் கிளம்பும்போது நீட்டினாள். அவசரத்தில் அப்பா எதுவும் கேட்காமல் விழுங்கிவிட்டார். கேட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா!

திருமுல்லைவாயிலில் ஊர்வலம். நானும் கூடப் போயிருந்தேன். நடக்கும்போதே அப்பாவின் தலை தொங்கித் தொங்கி நிமிர்ந்தது. யாரோ சரவெடியைக் காலடியிலேயே கொளுத்திப் போட்டார்கள். வெடிச் சத்தம் ராணிக்குப் புதிதல்ல. அப்பா கடிவாளத்தை இறுக்கிக் கழுத்தைத் தட்டிக்கொடுத்தால் அசையாமல் நிற்கும். அன்றைக்குக் கடிவாளம் அவர் கையிலிருந்து நழுவிவிட்டது. ராணி துள்ளியதில் மாப்பிள்ளை கீழே விழுந்து கையை முறித்துக்கொண்டார்.

மறுநாள் காலை அப்பா மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு என்னோடு வழக்கமான கடைக்குப் போனார்.

"ஐயோ, இது ஆளையே சாய்ச்சிடுமே! யார்ணா வாங்குனது?"

"நான்தாம்பா. பாக்காம வாங்கிட்டேன்."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்பா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. திரும்பி வந்தபோது வாசலில் முதலாளி நின்றிருந்தார்.

"இன்னாய்யா ஆச்சு? நீ இன்னா பண்ணிக்கினு இருந்தே?"

அம்மா முந்திக்கொண்டாள். "அவருக்கு ஒடம்பே முடியல மொதலாளி. நான்தான் மாத்திர குடுத்து அனுப்பிச்சேன்..."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று அப்பா குறுக்கே பாய்ந்தார். "குதிரதான் வெடிக்கு மெரண்டுபோச்சு மொதலாளி."

"மெரள்ற குதிரைய வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

"பொய்! ராணி மிரளாது!" என்று கத்தினேன். "உள்ள போடீ" என்றார் அப்பா. அப்படி ஒரு குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

அந்த வாரமே ராணியை லாரியில் ஏற்றிவிட்டார்கள். எந்த ஊருக்கு என்றுகூட எங்களுக்குச் சொல்லவில்லை. தன் வேலை போகாமலிருக்க வாயில்லா ஜீவன்மேல் பழி போட்டுவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம். ரொம்ப நாள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

இப்போது அப்பா இல்லை. "பாழாப்போன குதிர, உங்கப்பா பேரையே கெடுத்துடுச்சு" என்று அம்மா இன்றைக்கும் திட்டுகிறாள். நான் வாயைத் திறப்பதில்லை. ராணி, அம்மா இரண்டு பேரில் ஒருத்தியைத்தான் காப்பாற்ற முடியும் என்று அன்றைக்கு அவர் வாசலில் நின்றது, ஒன்பது வயதில் எனக்குப் புரியவில்லை.