சமையலறையில் கேட்ட குரல்

வெயில் கொளுத்தும் மே மாதத்தில் கொல்கத்தாவிலிருந்து போல்பூர் பக்கம் யாரும் சுற்றுலா போகமாட்டார்கள். கூட்டம் இருக்காதே என்று நான்தான் மனைவியையும் மகளையும் அழைத்துப் போனேன். விடுதியில் எங்களைத் தவிர ஆளே இல்லை.

கொல்கத்தாவில் பிறந்த பெண் தமிழை மறந்துவிடக் கூடாதென்று, வீட்டில் பெங்காலி பேசவே கூடாதென்று தடை போட்டிருந்தேன். "எங்க பொண்ணு ரொம்ப அமைதி" என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொள்வேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் தண்ணீர் கேட்கப் போனவன், சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டேன். எல்லோரும் மாஷி என்று கூப்பிடும் சமையல்காரம்மாவிடம் மகள் பெங்காலியில் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தாள். வகுப்பில் யாரும் அவளைச் சேர்த்துக்கொள்வதில்லையாம். இந்த வருஷம் முழுக்கத் தனியாகத்தான் டிபன் சாப்பிட்டாளாம்.

என்னைப் பார்த்ததும் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஸ்கூல்ல என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லப்பா."

இருபது வருஷமாக ஆபீசில் நானும் பெங்காலிதான் பேசுகிறேன். அன்று அவளிடம் அதில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தண்ணீரை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

வீடு திரும்பியதும் தடையை எடுத்துவிட்டேன். இப்போதெல்லாம் சாப்பாட்டு மேஜையில் நானே பெங்காலியில் பேச்சை ஆரம்பிக்கிறேன். அவள் தமிழில்தான் பதில் சொல்கிறாள், ஒரே வார்த்தையில்.