அரை சென்சார்க்காரனின் கல்யாண சீசன்

மாப்பிள்ளையைப் பற்றி அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் விசாரிப்பதோடு விட்டுவிடுகிறவர்கள், ஃபோட்டோகிராஃபரின் கேமராவைப் பற்றி மட்டும் யூடியூப் முழுக்க விசாரித்துவிட்டு வருகிற காலம் இது. நான் குத்தாலத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். என் கேமரா கிராப் சென்சார் வகை. அதாவது, வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் உள்தகடு கொஞ்சம் சின்னது. தகடு பெரிதாக இருந்தால் ஃபுல் ஃப்ரேம். பகல் வெளிச்சத்தில் இரண்டிலும் எடுத்த படங்களை அருகருகே வைத்தால், எது எதிலே எடுத்தது என்று எனக்கே சட்டென்று சொல்ல வராது. வெளிச்சம் குறைந்தால் வித்தியாசம் தெரியும். சின்னத் தகட்டில் படம் சீக்கிரம் புள்ளி புள்ளியாகிவிடும். எங்கள் பாஷையில் அது கிரெயின்ஸ்.

விஷயம் இவ்வளவுதான். ஆனால் "அவரோடது அரை சென்சாராம்" என்று யாரோ கிளப்பிவிட, இந்த சீசனில் பேசி முடித்திருந்த இரண்டு கல்யாணங்கள் கை நழுவிப் போயின. மூன்றாவதும் போனால் கடையைச் சாத்திவிட்டுத் திருப்பூரில் மச்சானோடு பனியன் வேலைக்குப் போக வேண்டியதுதான் என்று வீட்டில் பேச்சு. தையல்காரரோ, சமையல்காரரோ, ஏ.சி. மெக்கானிக்கோ, வேலை செய்யும்போது முதுகுக்குப் பின்னால் ஒருவர் நின்று உற்றுப் பார்க்கும் அவஸ்தை தெரிந்தவர்களுக்கு என் நிலைமை புரியும்.

ஊதிப் பார்த்த மாமா

திருவையாறு பக்கம் ஒரு நிச்சயதார்த்தம். பெண்ணின் தாய்மாமா பட்டா, சிட்டா, அடங்கல் மூன்றையும் ஒத்துப் பார்க்காமல் ஒரு குழி நிலம் வாங்காத மனிதர். என் கேமராவை மட்டும் சும்மா விடுவாரா? "உள்ள இருக்கிறதைக் காட்டுங்க" என்றார். லென்ஸைக் கழற்றினால் தூசி போகும் என்று சொல்லிப் பார்த்தேன். அறுவடை நேரம். பக்கத்து வயலில் மெஷின் ஓடி, பந்தல் முழுக்க நெல் சுணை பறந்துகொண்டிருந்தது. நான் தயங்கத் தயங்க அவருக்குச் சந்தேகம் முற்றியது. வேறு வழியில்லாமல் கழற்றிக் காட்டினேன்.

குனிந்து பார்த்தவருக்கு ஏதோ தூசி கண்ணில் பட்டிருக்க வேண்டும். நல்ல எண்ணத்தில் வாயைக் குவித்து 'ப்பூ' என்று ஊதினார். வெற்றிலைச் சாறு ஒரு துளி தகட்டின் மேல் போய் உட்கார்ந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் அதைச் சுத்தம் செய்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றிருந்த மாமா, தன் கட்டைவிரல் நகத்தையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இத்தனூண்டுதானா? எங்க சொந்தக்காரங்க முந்நூறு பேரும் இதுக்குள்ளயா நிக்கணும்?"

டேப்புக்கு அடியில்

எங்கள் தொழிலில் சிலர் கேமராவின் பெயர் தெரியாதபடி கறுப்பு டேப் ஒட்டிவிடுவார்கள். திருட்டுப் பயம் என்பார்கள். உண்மைக் காரணம் உங்களுக்கே புரியும். என் கேமராவில் மெமரி கார்டு போடும் இடத்து மூடி தளர்ந்துவிட்டதால், அது திறந்துகொள்ளாமல் இருக்க நானும் ஒரு துண்டு டேப் ஒட்டியிருந்தேன். ஒரு வீட்டில் காதுகுத்து. குழந்தை மாமன் மடியில் வீறிட்டுக்கொண்டிருக்க, அதன் அப்பாவின் கண் மட்டும் அந்த டேப்பை விட்டு நகரவில்லை.

ஆசாரி ஊசியை எடுத்த நேரம் பார்த்து, அவர் மெல்ல என் பக்கம் வந்து டேப்பைச் சுரண்டி உரித்துவிட்டார். மூடி திறந்துகொண்டது. கேமரா நின்றுவிட்டது. நான் பதறிப்போய் மூடியை அழுத்திப் பிடிப்பதற்குள் ஒரு காது குத்தி முடிந்துவிட்டது. பெற்ற பிள்ளைக்குக் காது குத்திய படம் போனதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. டேப் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, திருடனைப் பிடித்த குரலில் கேட்டார்: "அடியில ஒண்ணுமே எழுதலையே. அப்ப பேரை வேற எங்கதான் மறைச்சு வச்சிருக்கீங்க?"

கரைந்துபோன நாத்தனார்

ஃபுல் ஃப்ரேம் வைத்திருப்பவர்கள் மட்டும் நிம்மதியாக இருக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. மயிலாடுதுறையில் என் நண்பர் ஒருவர் புதிதாக அதை வாங்கி, முதல் கல்யாணத்தில் குடும்பப் படம் எடுத்தார். பெரிய தகட்டில் கொஞ்சம் அசந்தால் முன்வரிசை பளிச்சென்று விழும், பின்வரிசை கரைந்துபோகும். மணப்பெண் கண்ணிமை வரைக்கும் தெளிவு. பின்னால் நின்ற நாத்தனாரோ பனிமூட்டத்தில் நின்றவர் மாதிரி ஆகிவிட்டார்.

புது மருமகள்தான் சொல்லிவைத்து இப்படி எடுக்க வைத்தாள் என்று நாத்தனார் ஒரே பிடியாக நின்றார். கேமராவின் குணம் என்று நண்பர் விளக்கப்போக, "நீ எவ்வளவு வாங்கின?" என்று சண்டை அவர் பக்கம் திரும்பியது. மறுவாரம் என் கடைக்கு வந்து, நாற்காலியில்கூட உட்காராமல் சொன்னார்: "அண்ணே, அடுத்த முகூர்த்தத்துக்கு உங்க அரை சென்சாரைக் குடுங்கண்ணே. எல்லா மூஞ்சியும் தெரிஞ்சாப் போதும், எனக்கு உசுரு முக்கியம்."

சல்லடையும் துண்டும்

மூன்றாவது கல்யாணம் என்றேனே, அது கோவிந்தராஜின் மகள் ராதாவுடையது. கோவிந்தராஜ் குத்தாலத்தை ஒட்டிய கிராமத்தில் விவசாயம் பார்ப்பவர். கல்யாணத்துக்கு முன்னால் அவருக்கே திருக்கடையூரில் மணிவிழா. இதைச் சரியாக எடுத்தால் கல்யாணமும் எனக்கு என்று பேச்சு. சிங்கப்பூரிலிருந்து வந்த மகன் பிரபு என் கேமராவை ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, தன்னுடைய ஃபுல் ஃப்ரேமை எடுத்து என் கழுத்தில் மாட்டினான். கொடுத்தானே தவிர விடவில்லை. நான் ஓரடி நகர்ந்தால் அவனும் ஓரடி நகர்ந்தான். உண்மையைச் சொல்ல வேண்டும்: மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் அந்தக் கேமரா எடுத்த படத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

ஹோமம் முடிந்து தம்பதியை மணையில் உட்கார வைத்தார்கள். தலைக்கு மேல் சல்லடை பிடித்து, அதன் வழியாகக் கலசத் தண்ணீரை ஊற்றுவது வழக்கம். பிள்ளைகள், சம்பந்தி, பங்காளி என்று எல்லோரும் குடத்தோடு நெருங்க, தண்ணீர் நாலா பக்கமும் தெறித்தது. படம் வேண்டுமென்றால் பக்கத்தில் போய்த்தான் ஆக வேண்டும். நான் போனேன். அடுத்த நொடி என் கழுத்து காலி. கேமராவைப் பிடுங்கித் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு தூண் மறைவுக்கு ஓடினான் பிரபு. அங்கிருந்தே கத்தினான்: "அண்ணே, எல்லாரும் ஊத்தி முடிச்சதும் சொல்லுங்க, தரேன்!"

ஊற்றி முடித்த பிறகு எடுக்க என்ன இருக்கிறது? பையிலிருந்து என் கேமராவை எடுத்துக்கொண்டு ஈரத்திலேயே மண்டியிட்டேன்.

கூடத்துச் சுவரில்

அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கிக் கூடத்துச் சுவரில் மாட்டினார்கள். யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத கோவிந்தராஜ் அதில் வாய்விட்டுச் சிரிக்கிறார். அவர் கண்ணில் வழியும் தண்ணீரை, தானும் சொட்டச் சொட்ட நனைந்தபடி அவர் மனைவி புறங்கையால் துடைத்துவிடுகிறார். நான் ஆல்பத்தைக் கொடுக்கப் போன அன்று பிரபு அந்தப் படத்தை உறவினர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். "பாத்தீங்களா? என்னா தெளிவு! ஃபுல் ஃப்ரேம்னா சும்மாவா?" என்னைப் பார்த்ததும் குரலைத் தணித்தான். ராதா கல்யாணத்துக்குத் தனக்கு லீவு கிடைக்காதாம். தன் கேமராவும் இருக்காது என்பதால், ஃபுல் ஃப்ரேம் வைத்திருக்கும் தஞ்சாவூர் ஆளிடம் பேசிவிட்டதாகச் சொன்னான்.

இனியும் சும்மா இருந்தால் திருப்பூர்தான். "தம்பி, தண்ணி ஊத்துறப்ப உங்க கேமரா எங்க இருந்துச்சுன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க" என்றேன். அவன் யோசித்தான். முகம் மாறியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்துக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்று, மேலிருந்து கீழ்வரை தேடினான். அரை நிமிஷம் முன்புவரை இல்லாத குற்றம் கிடைத்துவிட்டது. "அதான பாத்தேன்! இங்க பாருங்க, அப்பா நெத்தியில, தோள்ல, எல்லாம் புள்ளி புள்ளியா கிரெயின்ஸ்" என்றான்.

காப்பி டம்ளர்களோடு வந்த அவன் அம்மா நின்று படத்தைப் பார்த்தார், பிறகு மகனைப் பார்த்தார். "அது கலசத் தண்ணிடா. சல்லடையில ஊத்துனா புள்ளி புள்ளியாத்தான் விழும். நீ தூணுக்குப் பின்னாடி இருந்த, உனக்கு எப்படித் தெரியும்? ராதா கல்யாணத்துக்கும் இந்தத் தம்பியே வரட்டும்."

கேமராவைச் சந்தேகப்பட்டவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன், அவர்களில் ஃபோட்டோவை முழுசாகப் பார்த்தவர் ஒருவரைக்கூட இன்னும் பார்க்கவில்லை.