பொட்டு வைக்கக் கூடாத இடம்

எங்கள் டிராக்டருக்கு ஆயுத பூசையன்று முதல் பொட்டு வைப்பவர் ருக்குமணி. வண்டி என் பெயரில் இருக்கிறது, கற்பூரம் காட்டுபவள் என் மனைவி மலர்விழி. ஆனாலும் ருக்குமணி வந்து சேரும்வரை சந்தனக் கிண்ணத்தை யாரும் தொடுவதில்லை. பார்ப்பவர்கள், "இவங்க உங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்பார்கள். சொந்தமில்லை. இரண்டாயிரத்துப் பதினான்கில் என் சம்பா நடவைக் காப்பாற்றிக் கொடுத்தவர். அதை நாலு பேருக்குச் சொல்லாமல் இருப்பது நன்றி கெட்டதனம் என்று பட்டதால் எழுதுகிறேன்.

என் பெயர் அறிவழகன். பெயரை வைத்து எதையும் எதிர்பார்த்துவிட வேண்டாம். நிலக்கரிச் சுரங்கத்துக்கு எங்கள் நிலம் போனபோது வந்த வேலை எனக்கு; டைம் ஆபீசில் உட்கார்ந்து யார் வந்தார், யார் வரவில்லை என்று குறிப்பது. குடியிருப்பது டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில். நிலத்தில் போகாமல் தப்பியது வடலூருக்கு இந்தப் பக்கம் ஒன்றரை ஏக்கர். அதை உழுவதற்கு ஒரு பழைய மினி டிராக்டர். "ரெண்டையும் வித்துத் தொலைங்க" என்று மலர்விழி சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். எனக்குக் கோபம் எதற்குத்தான் வராது?

ருக்குமணி எங்கள் ஒர்க்‌ஷாப்பில் கான்ட்ராக்ட் ஆள். சுரங்கத்துப் பெரிய இயந்திரங்களிலிருந்து கழற்றி வரும் ஹைட்ராலிக் சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வைப்பது அவர் வேலை. அப்போதே பதினான்கு வருஷமாக அதே மேசை, அதே மண்ணெண்ணெய் வாளி. என் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே 'கிளீனிங்' என்று இருக்கும். அதற்குத் தினமும் ஒரு டிக் அடிப்பேன். வார விடுமுறையில் பத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு நடவுக்கும் போவார். அவருடைய அம்மா எங்கள் நிலத்தில் நட்டவர். அந்தப் பழக்கத்தில் எனக்கும் நடவு என்றால் ருக்குமணிதான். நேரில் நான் அவரை நீ, வா, போ என்றுதான் பேசிப் பழகியவன். எழுத உட்கார்ந்தால் 'அவர்' என்றுதான் கை போகிறது. போகட்டும்.

அந்த வருஷம் ஆயுத பூசைக்கு எனக்குப் பக்தி கொஞ்சம் கூடிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பெயிண்ட் அடித்து, மாலை போட்டு, வாழைமரம் கட்டி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து என் வண்டிக்கும் சிவப்பு எனாமல் இரண்டு கோட் அடித்தேன். பிறகு சந்தனத்தைக் குழைத்து, நட்டு, போல்ட்டு, குமிழ் என்று நீட்டிக்கொண்டு நின்ற எதையும் விடாமல் அப்பி, குங்குமம் வைத்தேன். "கல்யாணப் பொண்ணுக்குக்கூட இவ்வளவு பூச மாட்டாங்க" என்றாள் மலர்விழி. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பூசை முடிந்து வண்டியை வயலில் இறக்கினேன். சேறடிக்கப் பின்னால் ரோட்டவேட்டர் என்ற சுழல் கலப்பையை மாட்டியிருந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் அதை ஹைட்ராலிக்கால் மேலே தூக்கித்தான் திரும்ப வேண்டும். லீவரை இழுத்தால் அரை அடி எழும்பி நடுங்கியது, பிறகு நின்றுவிட்டது. பம்பு ஒரு மாதிரி ஊளையிட்டது. சேற்றில் இறங்கி நின்று வண்டியைத் திட்டித் தீர்த்தேன். அது அசையவில்லை.

மூன்று மெக்கானிக்குகள் பார்த்தார்கள். முதல் ஆள் ஃபில்டரை மாற்றினார். இரண்டாமவர் ஆயிலை மாற்றினார். இதில் வேடிக்கை என்னவென்றால், அவர்கள் பட்டறையில் ரோட்டவேட்டர் ஜம்மென்று மேலே போகும். "நல்லாத்தான சார் இருக்குது" என்று என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள். வயலுக்கு வந்தால் பழையபடி ஊளை. மூன்றாமவர் பட்டறையிலும் தூக்கிக் காட்டியது. அவர் யோசித்துவிட்டு, பம்பே போய்விட்டது, இந்தப் பழைய மாடலுக்குச் சென்னையிலிருந்துதான் வர வேண்டும், பத்து நாள் ஆகும் என்றார்.

பத்து நாளுக்கு நான் எங்கே போவேன்? நாற்றுக்கு முப்பத்தோரு நாள் ஆகியிருந்தது. இன்னும் நாலைந்து நாள் போனால் முற்றிப்போய், நட்டாலும் தூர் கட்டாது. சுரங்கத்திலிருந்து இறைத்து விடும் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு அந்த வாரம்தான் முறை. வாடகை டிராக்டர்களைக் கேட்டால் எல்லோரும் அடுத்த வாரம் என்று கைவிரித்தார்கள். அந்த ஒன்றரை ஏக்கரை ஒரு போகம் தரிசாகப் போட்டுவிட்டால், அடுத்த வருஷம் அதை வைத்துக்கொள்வேன் என்று சொல்ல எனக்கே வாய் இருக்காது. மலர்விழி சொன்னபடி விற்றுத்தான் ஆக வேண்டும். அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடைசியாக ஒரு முறை பார்க்கலாம் என்று வண்டியைக் கிளப்பி லீவரை இழுத்துக்கொண்டிருந்தேன். நடவு என்றைக்கு என்று கேட்க ருக்குமணி வந்தார். வரப்பில் நின்று கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார்.

"அண்ணே, பம்பு மூச்சு முட்டிகினு கத்துதுண்ணே."

எனக்குக் கோபம் எங்கிருந்துதான் வந்ததோ. "மூணு மெக்கானிக் பாத்தாச்சு. பம்பு போச்சுன்னு சொல்லிட்டானுங்க. கழுவுற உனக்கு என்னா தெரியும்? போய் நாத்தப் பாரு போ" என்றேன்.

சொன்னதை இன்று எழுதவும் கூசுகிறது. அவர் முகம் மாறவில்லை.

"கழுவுறவளுக்குத்தாண்ணே தெரியும், எது எங்க அடச்சிக்கும்னு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. அவங்க தூக்கிப் பாக்கும்போது ஆயில் ஊத்துற மூடி தெறந்து இருந்துச்சா, மூடி இருந்துச்சா?"

யோசித்துப் பார்த்தேன். முதல் ஆள் ஆயிலை எட்டிப் பார்த்துக்கொண்டேதான் தூக்கச் சொன்னார். இரண்டாமவரும் அப்படித்தான். மூன்றாமவர் மூடியைக் கையிலேயே வைத்திருந்தார்.

"தெறந்துதான் இருந்துச்சு."

"அதான பாத்தேன். இப்ப அந்த மூடிய ரெண்டு சுத்து தளத்திட்டுத் தூக்குங்க."

நம்பிக்கையே இல்லாமல் குனிந்து மூடியைத் தளர்த்தினேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. விரலில் இழுப்பு தெரிந்தது. லீவரை இழுத்தேன். சேறு சொட்டச் சொட்ட ரோட்டவேட்டர் முழு உயரத்துக்கு எழுந்து நின்றது. ஊளையும் நின்றுவிட்டது.

"எறக்கி வச்சி, இஞ்சின நிறுத்துங்கண்ணே" என்றார். நிறுத்தியதும் வரப்பிலிருந்து இறங்கி வந்தார். "பம்பு ஆயில இழுக்க இழுக்க, அந்த எடத்துக்குக் காத்து வரணும். வரலன்னா அது என்னா பண்ணும்? இழுத்துப் பாத்துட்டு கத்தும். காத்து வர்றதுக்குன்னு மேல ஒரு குட்டி மூடி வச்சிருப்பாங்க, காளான் கணக்கா. எங்க அது?"

நாங்கள் இருவரும் தேடினோம். சீட்டுக்குக் கீழே, இரண்டு கோட் சிவப்பு எனாமலுக்கும் ஒரு விரற்கடை சந்தனத்துக்கும் அடியில் இருந்தது அந்தக் காளான். நட்ட நடுவில் நான் வைத்த குங்குமம். அதைப் போல்ட்டு என்று நினைத்து, மற்ற எதையும்விடக் கூடுதலாகவே கும்பிட்டிருக்கிறேன்.

ருக்குமணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எங்க ஒர்க்‌ஷாப்புல பெயிண்ட் அடிக்கறதுக்கு மொத நாளு, இந்த மூடிங்களுக்கெல்லாம் துணி சுத்திக் கட்டுறதே என் வேலதாண்ணே. பூசையெல்லாம் முடிஞ்சப்புறம் நான்தான் அவுப்பேன். சாமிக்குக் கோவம் வராது, மெசினுக்கு வரும்."

புடவையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்துச் சந்தனத்தைச் சுரண்டினார். மூடியைக் கழற்றி, டீசலில் ஊற வைத்து, ஓட்டை ஓட்டையாகக் குத்தி, வாயால் ஊதிப் பார்த்து, முந்தானையில் துடைத்துத் திரும்ப மாட்டினார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஆயில் மூடியை இறுக்கிவிட்டுத் தூக்கினேன். தூக்கியது. இன்னும் நாலு முறை தூக்கி இறக்கினேன். வேண்டுமென்றேதான்.

"தப்பா பேசிட்டேம்மா" என்றேன்.

"நாத்து முத்துற கவலையில பேசறீங்க. சேத்த அடிச்சி வைங்க, செவ்வாக்கெழம ஆளுங்களக் கூட்டியாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை அவர் ஷிப்ட்டுக்கு வரவில்லை. பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ஆப்சென்ட் போட்டுவிட்டு, நானும் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினேன். மதியம் மூன்று மணிக்கெல்லாம் ஒன்றரை ஏக்கரும் பச்சையாக நின்றது. பெண்கள் வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். கூலி எல்லோருக்கும் போலத்தான் அவருக்கும் கொடுத்தேன். மனசு கேட்கவில்லை. "உனக்குன்னு ஏதாவது செய்யணும். என்னா வேணும், கேளு" என்றேன்.

ருக்குமணி வண்டியைப் பார்த்தார். வரப்போரம் நின்றிருந்தது, ரோட்டவேட்டரை நான் இன்னும் கழற்றியிருக்கவில்லை.

"ஒரே ஒரு தடவ மேல ஒக்காந்து, நானே தூக்கிப் பாக்கட்டுமாண்ணே?"

ஏறி உட்காரச் சொன்னேன். வண்டியை நியூட்ரலில் போட்டுக் கிளப்பிவிட்டு, லீவர் எதுவென்று காட்டினேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்ணெண்ணெயில் வெளுத்துப்போன அந்தக் கையால் லீவரை மெதுவாக இழுத்தார். பின்னால் ரோட்டவேட்டர் எழுந்தது. உடம்பைத் திருப்பி அது மேலே வருவதையே பார்த்தார். இறக்கினார். மறுபடியும் தூக்கினார். வாய்க்காலில் நின்ற பெண்கள் கைதட்டினார்கள்.

"பதினாலு வருசமா கழுவிக் குடுக்கறேன்" என்றார், என்னைப் பார்க்காமல். "அந்த மாதிரி சாமானு போயி மாட்டி, என் கைக்கு ஒண்ணத் தூக்கறத இன்னிக்கித்தான் பாக்கறேன்."

"இன்னொரு தடவ தூக்கும்மா" என்றேன்.