ஏஞ்சல் மீன்களுக்கு ஹாலில் ஓர் இடம்

மீன் ஆசையில் நான் தொட்டி வாங்கவில்லை. கரமனை வீட்டின் ஹாலில் எனக்கென்று ஒரு சாண் இடம்கூட இல்லை என்ற ஆத்திரத்தில்தான் வாங்கினேன்.

வீடு என் மாமனார் கட்டியது. அவர் காலமானபின் கீழே என் கணவரின் அண்ணாவும் மன்னியும் பிள்ளையும், மேலே மச்சில் நாங்கள். ஹால் இரண்டு குடும்பத்துக்கும் பொது என்று பேச்சு. ஆனால் அங்கே மன்னியின் சோபா, மன்னியின் தையல் மெஷின், மன்னியின் பிள்ளை பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பைகள் அடுக்கிய அலமாரி. என் அலுவலகத்தோழிகள் வந்தால் மச்சுப்படியில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன்.

என் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. தோழி வீட்டில் ஏஞ்சல் மீனைப் பார்த்துவிட்டு வந்து நச்சரித்துக்கொண்டிருந்தாள். ஆரியசாலைச் சந்து ஒன்றில் மீன்கடை வைத்திருந்த தமிழரிடம் போனேன். மேஜைமேல் வைக்க ஒரு கண்ணாடிக் குடுவை கேட்டேன்.

"ஏஞ்சலுக்கா?" என்றார், தலையை நிமிர்த்தாமல். "அந்த மீனுக்குச் செறகு மேலயும் கீழயும் நீளும். ஒண்ணரை அடியாவது ஒசரம் வேணும். குடுவையில விட்டுக் கொல்லணும்னா வேற கடைக்குப் போங்க."

நூறு லிட்டர் தொட்டி. தண்ணீரும் மணலும் சேர்ந்தால் இரண்டு ஆள் எடைக்கு மேல் வரும், மச்சின் மரத்தளம் தாங்காது, வெயில் விழாத சுவரோரம் கீழ்த்தளத்தில்தான் வைக்க வேண்டும் என்றார். அவர் சொன்னதில் அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஹாலில் வெயில் விழாத சுவர் ஒன்றே ஒன்று. அங்கேதான் கோப்பை அலமாரி நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்னி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் ஆள் வைத்து அலமாரியை நகர்த்தி, இரும்பு ஸ்டாண்டைப் போட்டுவிட்டேன். திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தாள்.

"கேக்காம எடுத்தியாக்கும்?"

"ஹால் பொதுதானே மன்னி."

என் கணவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

கடைக்காரர் உடனே மீன் தரவில்லை. தன் தொட்டியில் ஓடிய பழைய ஸ்பாஞ்சு ஒன்றைக் கொடுத்து, அதை என் ஃபில்டரில் வைத்து ஒரு மாதம் ஓட்டச் சொன்னார். மீன் கழிவின் விஷத்தை முறிக்கிற நுண்ணுயிர் அதில்தான் குடியிருக்கும், அது பெருகிய பிறகுதான் மீன் என்றார். சொட்டுமருந்து விட்டுத் தண்ணீரைச் சோதிக்கவும் கற்றுக்கொண்டேன். அந்த ஒரு மாதமும் வருகிறவர்களிடமெல்லாம் மன்னி சொன்னாள்: "எங்காத்துல பச்சைத்தண்ணிய ஷோவுக்கு வச்சிருக்கா. வெறுதே ஒரு சல்லியம், உபத்திரவம்."

பிறகு ஆறு குஞ்சுகள் வந்தன. "வளந்து ஜோடி சேந்துட்டா மத்ததைத் திருப்பிக் கொண்டாங்க. இல்லேன்னா அடிச்சே கொன்னுபோடும்" என்று கடைக்காரர் எச்சரித்திருந்தார். நன்றாகவே வளர்ந்தன. வெள்ளியில் கறுப்புப் பட்டை போட்டு, நீண்ட செடிகளுக்கிடையே நின்று நின்று நீந்தின. வந்தவர்கள் கோப்பைகளைப் பார்ப்பதை விட்டு மீன்களைப் பார்த்தார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

மன்னி வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி போடுவாள். காற்று பம்பு வழியாகப் புகை தண்ணீரில் இறங்கும் என்று சொல்லிப் பார்த்தேன். "பகவானுக்குப் போடறதை உன் மீனைக் கேட்டுண்டு போடணுமோ?" என்றாள். அந்த வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் போட்டு, ஃபினாயில் விட்டுத் தரையும் துடைத்தாள்.

மறுநாள் காலை என் பெண் பள்ளிக்கூட மலையாளத்தில் கத்தினாள். "அம்மா, நாலெண்ணம் சத்து போயி."

நான்கு மீன்கள் மல்லாந்து மிதந்தன. மற்ற இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நான் நேரே சமையலறைக்குப் போனேன். மன்னியின் அம்மா ஊரிலிருந்து வந்து அங்கே உட்கார்ந்திருந்தார். அவர் இருப்பது தெரிந்துதான் பேசினேன்.

"மனுஷாளோட கோபம்னா மனுஷாளோட காட்டணும் மன்னி. வாயில்லா ஜீவன் மேல ஃபினாயில ஊத்தறது என்ன புத்தி?"

மன்னி கரண்டியை வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. "எனக்கு அந்தப் புத்தி இருந்தா மீன் வரதுக்கு முன்னாடியே தொட்டிய உடைச்சிருப்பேன். ஒரு மாசம் சும்மாதானே இருந்தது?"

அவள் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று பிற்பகலே ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

நான் தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு ஆரியசாலைக்குப் போனேன். சாட்சிக்குத்தான். கடைக்காரர் சொட்டு விட்டார். தண்ணீர் கரும்பச்சையாக மாறியது, விஷம் ஏறியதற்கு அடையாளம்.

"ஃபினாயில்தானே?" என்றேன்.

"இந்த வாரம் ஃபில்டர என்ன செஞ்சீங்க?"

"புதன்கிழமை ஸ்பாஞ்சை நன்னா அலசினேன். ஒரே அழுக்கு."

"எந்தத் தண்ணியில?"

"குழாய்த்தண்ணியில."

"குளோரின் தண்ணியில அலசினா அந்த உயிரெல்லாம் செத்துப்போகும். அப்புறம் மீன் தன் கழிவிலயே வேகும். தொட்டியில இருந்து எடுத்த தண்ணியில பிழியணும்னு படிச்சுப்படிச்சுச் சொன்னேன்லா? கொன்னது நீங்கதான்."

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாதித் தண்ணீரை மாற்றி, குளோரின் முறிக்கிற மருந்து விட்டு, இன்னொரு பழைய ஸ்பாஞ்சை வைத்தேன். இரண்டு மீன்கள் பிழைத்தன. நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று பத்து நாள் போயிற்று. அதற்குள் மன்னி என்னுடன் பேச்சை நிறுத்தியிருந்தாள். பேசாதவளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு ஒரு வசதி கிடைத்தது.

இரண்டு மாதத்தில் அவர்கள் தனி ஃபிளாட் பார்த்துக்கொண்டு கிளம்பினார்கள். சாமான் வண்டி வாசலில் நின்றபோது மன்னி ஹாலுக்குள் வந்து என்னெதிரே நின்றாள்.

"அந்த மீன்கடைக்காரன் எங்காத்துக்காரருக்குப் பழக்கம். ஸ்பாஞ்சு கதைய அந்த வாரமே சொல்லிட்டான்."

"தெரிஞ்சுண்டா இத்தனை நாள் பேசாம இருந்தேள்?"

"நீயா வந்து சொல்லுவியான்னு பாத்தேன். எங்கம்மா அழுதுண்டே பஸ் ஏறினா. உனக்குச் சொல்லத் தோணலை. அது போறும் எனக்கு."

அன்று மாலை என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எங்கிட்ட எதுக்குச் சொல்றே?" என்று எழுந்து போனார். அது சரியான கேள்விதான்.

போன வருஷம் தம்பானூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் மன்னியைப் பார்த்தேன். இந்தமுறை மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று பக்கத்தில் போய் நின்றேன். சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சூழ இருந்தார்கள். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்துச் சிரித்தாள்.

"மீனெல்லாம் சௌக்கியமா?"

"சௌக்கியம்" என்றேன். அவள் அடுத்தவளிடம் திரும்பி, விட்ட பேச்சைத் தொடர்ந்தாள்.