தலைகீழாக வாசித்த ஆறு கோடு

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசுவதை ஃபோன் எழுதிக்கொள்கிறது. தோட்டத்தில் ரப்பர் பாலை எடைபோட்ட காலத்தில் எண்களை மட்டும் கற்றுக்கொண்டேன்.

போன வருடம் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்த என் மகன் ஒரு கித்தாரும் ஒரு தாளும் விட்டுப் போனான். தாளில் ஆறு கோடு, கோடுகளின் மேல் எண்கள். கோடு என்றால் கம்பி, எண் என்றால் விரல் வைக்கும் கட்டம் என்று நானே கண்டுபிடித்தேன்.

ரப்பர் மரத்தை மேலிருந்து கீழே சீவிய கை இது. மேல்கோடுதான் மேல்கம்பி என்று வைத்து நாலு மாதம் வாசித்தேன். அழுகிற மாதிரி ஒரு பாட்டு வந்தது. அவன் மனசு அதுதான் என்று நினைத்திருந்தேன்.

இன்று லுக்குட் டவுனிலிருந்து அவன் கூட்டாளி குணா வந்தான். நான் வாசித்ததைக் கேட்டுவிட்டுத் தாளைப் பார்த்தான்.

"மாமா, தலைகீழா வாசிக்கிறீங்க லா. மேல்கோடுதான் கீழ்க்கம்பி."

அவனே வாசித்துக் காட்டினான். துள்ளலான பாட்டு. என் மகன் மூன்று வருடம் காத்திருந்த வீடியோ கேமின் விளம்பரத்தில் வருவதாம்.

"அந்த கேம் வந்துருச்சா?"

"போன மாசமே வந்துச்சு மாமா. சும்மா பீத்திக்கிட்டானுங்க. ரெண்டே நாள்ல மூடி வச்சிட்டேன்."

"அவன்கிட்ட சொல்லிடாத" என்றேன்.

குணா தலை குனிந்துகொண்டான்.

அவன் போனதும் கித்தாரை எடுத்தேன். கை பழையபடியே போகிறது. இரண்டில் எதை என் மகன் பாட்டு என்று வைத்துக்கொள்வது?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எழுதாதீர்கள், பேசி அனுப்புங்கள்.