கட்டிலுக்கு அடியில் போன பத்திரிகைகள்

இங்கிலாந்திலிருந்து மாதாமாதம் தபாலில் வந்த அந்தப் பத்திரிகைக்கு ராக் இசையின் வரலாறுதான் முழுநேரத் தொழில். எந்தக் கிதார்க்காரர் யாரிடமிருந்து எதைக் கற்றார் என்பதைக் கல்வெட்டு ஆய்வாளரின் சிரத்தையோடு எழுதுவார்கள். ஜெர்மனியில், எர்லாங்கனில் எங்களோடு தங்கி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மாமா, தன் ஆய்வேட்டைவிட அதைத்தான் கவனமாகப் படித்தார்.

"இதுக்கெல்லாம் என்னய்யா ஹிஸ்டரி? என் சைக்கிளுக்கே அதைவிட வயசு ஜாஸ்தி," என்பார் அப்பா.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, மாமாவைப் பார்க்க டார்ம்ஸ்டாட்டிலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். அங்கே வேதியியல் படித்துக்கொண்டிருந்த பெண், அவளுடைய அண்ணன், அண்ணி. ஊரில் என்றால் நாங்கள்தான் போய்க் கேசரி தின்றிருப்போம். அந்நிய தேசத்தில் யார் வீட்டில் ரவை இருக்கிறதோ அங்கே கூடவேண்டியதுதான்.

அன்று காலையிலேயே அம்மா பத்திரிகைகளை வாரிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். சம்பந்தத்தை முறிக்க அட்டையில் இருந்தவர்களின் தலைமுடியே போதுமாம்.

"அக்கா, அதுல என்ன தப்பு இருக்கு?"

"கல்யாணம் ஆகட்டும். அப்புறம் தலைமேல வெச்சுக்கிட்டு ஆடு."

மாமாவுக்குப் பெண்ணின் போட்டோ மிகவும் பிடித்திருந்தது. டையை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

பெண் புத்தக அலமாரியை மேலும் கீழும் பார்த்தாள். "பாட்டெல்லாம் கேப்பீங்களா?" என்றாள்.

மாமா வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "கர்நாடக சங்கீதம்னா உயிர்."

அண்ணியும் விடவில்லை. "இவளும் அப்படித்தான். வேற எதையும் காதுல போட்டுக்க மாட்டா."

சம்பந்தப்பட்ட இருவரும் கேசரியைப் பார்த்தார்கள். அதன்பிறகு பெரியவர்கள் குளிரைப் பற்றி விரிவாகப் பேசினார்கள்.

கிளம்பும்போது கோட்டுகளை எடுத்துத் தருவது என் வேலை. பெண்ணின் கோட்டுப் பையில் ஒரு பத்திரிகை சுருண்டு கிடந்தது. முந்தின நாள் மாமாவுக்கு வந்த அதே இதழ். அவள் அண்ணியை ஓரக்கண்ணால் பார்த்தபடி அதை உள்ளே அழுத்திக்கொண்டு, என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

பத்து நாளில் பதில் வந்தது. நல்ல மனிதர்தான், ஆனால் இருவருக்கும் பேசிக்கொள்ள ஒன்றுமில்லை என்றாளாம். மாமா அதற்குப் பிறகு யாரையும் பார்க்கச் சம்மதிக்கவே இல்லை.

பதில் வந்த அன்று சாயங்காலம் அவர் என்னிடம் மட்டும் கேட்டார்: "வாசல்ல அவ உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லலை மாமா," என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். ஜெர்மனியில் எல்லார் வீட்டுக்கும் கரண்டு பில் வருகிற மாதிரி அந்தப் பத்திரிகையும் வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.