பத்துக்கு மூன்று என்று சொன்ன நாள்

முகவாயிலிருந்து சட்டையில் சொட்டிய இரத்தத்தைத்தான் முதலில் பார்த்தேன். இடது மணிக்கட்டு உடைந்திருப்பது, தாதி ஒருவர் என் கைக்கடிகாரத்தைக் கழற்ற முயன்றபோதுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். அரசு மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில், சக்கரம் வைத்த கட்டிலில் கிடந்தேன். அங்கே எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. ஆம்புலன்ஸ் ஞாபகத்தில் இல்லை. அதற்கு முன் ரயில் நிலையப் படிக்கட்டில் விழுந்ததும் இல்லை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ரவாங் நகரில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். இரண்டு தோழிகளோடு வாடகை வீட்டில் தங்கியிருந்தேன். அப்பாவும் அம்மாவும் கோலா சிலாங்கூர் பக்கம், முன்பு அவர்கள் வேலை செய்த செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்கு அருகிலேயே ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீடு வாங்கி இருக்கிறார்கள்.

என்னைக் குடிகாரி என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். வேலை நாள்களில் நான் தொடுவதில்லை. ஒரு நாளும் மட்டம் போட்டதில்லை. வார இறுதியில் நண்பர்களோடு மட்டும்தான். குடிகாரர் என்றால் எனக்கு ஒரே ஒரு உருவம்தான் தெரியும்: நான் பிறக்கும் முன்பே சம்சு என்ற மலிவுச் சாராயத்தைக் குடித்துச் செத்துப்போன அம்மாவின் அப்பா. தோட்டத்தில் வேலைக் காட்டில் விழுந்து கிடந்தவரை மண்டோர் (கங்காணி) ஆள்விட்டுத் தூக்கி வரச் சொல்வாராம். அவருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அன்று கூட வேலை செய்த ஒருத்திக்குப் பிரிவு விருந்து. பதினொன்றரை மணிக்கு உணவகத்தில் உட்கார்ந்தோம். சாப்பாடு வரத் தாமதமானது, பீர் உடனே வந்தது. இரண்டரைக்குப் பெற்றோரைப் பார்க்கப் போகிறேன் என்று எழுந்தது ஞாபகம் இருக்கிறது. அதோடு சரி.

எக்ஸ்ரே எடுத்தார்கள். ரேடியஸ் எலும்பு (முன்கையில் கட்டைவிரல் பக்கமாக ஓடும் எலும்பு) மணிக்கட்டுக்கு மேலே முறிந்து பின்பக்கம் சாய்ந்திருந்தது. முறிந்த இடத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, ஒருவர் முழங்கையைப் பிடித்துக்கொள்ள, மருத்துவர் என் விரல்களை இழுத்து எலும்பை நேராக்கினார். பிறகு பேக்ஸ்லாப் (கையை முழுதாகச் சுற்றாமல் ஒரு பக்கம் மட்டும் வைத்துக் கட்டும் மாவுக்கட்டு) போட்டார்கள். முகவாயில் ஐந்து தையல்.

ஆறு மணிக்கு அம்மா வந்தார். அப்பா காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். அம்மா என் நெற்றியில் கை வைக்கக் குனிந்தார். பாதியில் நின்றுவிட்டார். பீர் வாடை அடித்திருக்கிறது. கையை வைத்தார், எடுத்தார், நாற்காலியில் உட்கார்ந்து தன் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஏழு மணிவாக்கில், என் முகவாயைத் தைத்த மருத்துவ உதவியாளர் திரும்பி வந்தார். நாற்பது வயதிருக்கும். குணா என்று பெயர். அம்மாவிடம், "ஆன்ட்டி, கீழ கேன்டீன்ல ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. இவங்கள நான் பார்த்துக்கிறேன்" என்றார். அம்மா போனதும் திரையை இழுத்துவிட்டு, ஒரு ஸ்டூலில் என் கண் மட்டத்துக்கு உட்கார்ந்தார்.

"தலை தெளிஞ்சிருக்கா தர்ஷினி? ஒரு பதினஞ்சு நிமிஷம் பேசலாமா? அடிபட்டு வர்ற எல்லார்கிட்டயும் கேக்குறதுதான். வேணாம்னா வேணாம்."

அனுமதி கேட்டது எனக்குப் புதிதாக இருந்தது. சரி என்றேன்.

"இன்னைக்கு எவ்ளோ குடிச்சீங்க?"

"மூணு டின் இருக்கும் சார்."

அவர் எழுதவில்லை. காத்திருந்தார். நான் மேசையை நினைத்துப் பார்த்தேன். உட்கார்ந்ததும் ஒன்று. சாப்பாட்டுக்குக் காத்திருந்தபோது இரண்டு. கோழி வந்தபோது இரண்டு. போட்டோ எடுக்கும்போது ஒன்று.

"ஆறு. ஏழாவும் இருக்கலாம்."

"வாரத்துக்கு எத்தனை தடவை இப்படி?"

"ஒண்ணு. சில வாரம் ரெண்டு. ஆனா சார், நான் அடிக்ட்லாம் இல்ல லா."

"நான் அப்படிச் சொல்லலையே" என்றார். "காலையில கை நடுங்குதா? குடிக்காட்டி வேர்க்குதா?" இல்லை என்றேன். "அப்ப அடிமை ஆகல. ஆனா அடிமை ஆகாதவங்களும் விழறாங்க. இங்க வர்ற உங்க வயசு ஆளுங்க பாதிப் பேரு அந்த மாதிரிதான். ஒரே நேரத்துல நிறைய. மத்த நாள் தொடுறதே இல்ல. அதனால தங்களுக்குப் பிரச்சினை இல்லன்னு நெனைக்கிறாங்க."

மருத்துவத்தில் இதை அபாயக் குடி (அடிமையாகாத நிலையிலும் உடலுக்கும் உயிருக்கும் ஆபத்தை வரவழைக்கும் அளவுக்குக் குடிப்பது) என்கிறார்களாம். அந்தச் சொல் அன்று என்னைக் கோபப்படுத்தியது. ஆனாலும் குடிகாரி என்ற சொல்லைவிட என் அளவுக்குச் சரியாக இருந்தது.

பிறகு கேட்டார்: "பூஜ்யத்துலேர்ந்து பத்து வரைக்கும் ஒரு ரூலர் இருக்குன்னு வெச்சுக்குங்க. குறைக்கணும்னு உங்களுக்கு எவ்ளோ தோணுது?"

அவரைத் திருப்திப்படுத்த எட்டு என்று சொல்லலாம் என்று நினைத்தேன். கை வலித்தது. பொய் சொல்லத் தெம்பு இல்லை. "மூணு."

இவ்வளவுதானா என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு. "ஏன் மூணு? ஏன் ஒண்ணு இல்ல?"

குடிப்பதற்குக் காரணம் கேட்டிருந்தால் பத்து சொல்லியிருப்பேன். குறைப்பதற்கான காரணத்தை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை.

"எப்படி விழுந்தேன்னு எனக்குத் தெரியல சார்" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. "ரெண்டரைக்கு அப்புறம் எதுவுமே தெரியல. யாரு தூக்குனாங்க, யாரு என் பையை எடுத்தாங்க, ஒண்ணும் தெரியல. எங்கம்மா முகத்தப் பார்க்க முடியல."

அவர் டிஷ்யூ நீட்டினார். அறிவுரை சொல்லவில்லை. "அப்ப என்ன செய்யலாம்னு நெனைக்கிறீங்க?" என்றார். மாவுக்கட்டு பிரிக்கும் வரை தொடுவதில்லை என்றேன். அதன் பிறகு வெளியே போனால் இரண்டோடு நிறுத்துவது, முதலில் சாப்பிடுவது, ஒவ்வொரு டின்னுக்கும் இடையில் ஒரு கோப்பை தண்ணீர் என்று அவரும் நானுமாகச் சேர்ந்து ஒரு தாளில் எழுதினோம். கையெழுத்து அவருடையது, முடிவு என்னுடையது. இரண்டு வாரம் கழித்து ஒருமுறை போனில் கூப்பிடலாமா என்று அதற்கும் அனுமதி கேட்டார். திரையைத் திறந்துகொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

இதற்குக் குறுகிய ஆலோசனை என்று பெயர் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். அன்று எனக்கு அது, ஒரு மனிதர் என்னைக் குற்றவாளி ஆக்காமல் பேசிய பதினைந்து நிமிடம்.

ஆறு வாரம் பெற்றோர் வீட்டில் இருந்தேன். ஒற்றைக் கையால் தலை குளிக்க முடியாது. நான் குளியலறையில் முக்காலியில் உட்கார, அம்மா ஷாம்பு போட்டுவிடுவார். இரண்டாம் வாரம், அவர் என் பின்னால் நின்றபடியே சொன்னார்:

"எங்கப்பா விழுந்தா தோட்டத்துக்கே தெரியும். லயத்து வீட்டுக்காரங்க எல்லாரும் வந்து சொல்லுவாங்க, வெக்கமா இருக்கும். ஆனா தெரியும். நீ விழுந்தது எனக்குத் தெரியாமயே போயிருக்கும். அதான் எனக்குப் பயமா இருக்கு."

"நான் தாத்தா மாதிரி இல்லம்மா."

"இல்லதான். அவருக்கு ஒண்ணும் கையில இல்ல. ஒனக்கு வேலை இருக்கு, படிப்பு இருக்கு. அதனாலதான் எவனும் ஒன்ன நிறுத்தச் சொல்லல."

கண்ணில் நுரை இறங்கியது. குனிந்து ஒற்றைக் கையால் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

குணா சார் சொன்னபடியே கூப்பிட்டார். மூன்று நிமிடம்கூடப் பேசவில்லை. "எப்படிப் போகுது? ரூலர்ல இப்ப எங்க இருக்கீங்க?" ஐந்து என்றேன். "நல்லது" என்றார். அவ்வளவுதான். அன்று முழுக்க எனக்கு உற்சாகமாக இருந்தது.

கட்டுப் பிரித்ததும் கை சூம்பிப்போய், தோல் உரிந்து, வேறு யாருடையதோ போல இருந்தது. பிசியோதெரபி (உடற்பயிற்சி மூலம் மூட்டையும் தசையையும் பழைய நிலைக்குக் கொண்டுவருதல்) ஆரம்பமானது. வேலைக்குத் திரும்பினேன். முதல் வெள்ளிக்கிழமை நான் விழுந்த கொம்யூட்டர் ரயில் நிலையத்தில், டிக்கெட் முகப்பில் இருந்த மலாய்க்கார அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டார். கை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அன்று ஆம்புலன்சைக் கூப்பிட்டதே அவர்தானாம். நன்றி சொன்னேன். எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை, எப்படி விழுந்தேன் என்று கேட்டேன்.

அவர் சொன்னார். படியில் தடுமாறியபோது முன்னால் போன ஒரு பள்ளி மாணவியின் பையைப் பிடித்திருக்கிறேன். அவளும் என்னோடு விழுந்திருக்கிறாள், மூன்று படி. முழங்காலில் சிராய்ப்பு மட்டும்தான். தாய் வந்து அழைத்துப் போயிருக்கிறார். என் மேலே புகார் எதுவும் வரவில்லை. "அந்தப் பிள்ளைதான் உன் செருப்பைத் தேடி எடுத்துக் கொடுத்தது" என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. தோழிகள் இருவரும் ஊருக்குப் போயிருந்தார்கள். நான் கடைக்குப் போய் பீர் வாங்கி வந்து, பகல் வெளிச்சத்தில், அறையில் தனியாக நாலு டின் குடித்தேன். தனியாகக் குடித்தது அதுதான் முதல் தடவை. இதை மறைத்துவிட்டு எழுதலாம். ஆனால் மறைத்தால், இதே நிலையில் இருக்கும் ஒருவருக்கு என் மீதிக் கதை எதற்கும் உதவாமல் போய்விடும்.

அந்த வாரம் எலும்பு மருத்துவரைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. பார்த்து முடித்ததும் அவசரப் பிரிவுக்கு நடந்தேன். குணா சார் வேலை முடிந்து மோட்டார் ஹெல்மெட்டோடு வெளியே வந்துகொண்டிருந்தார். நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"நாலு குடிச்சேன் சார். தனியா."

அவர் ஹெல்மெட்டைச் சுவர் ஓரமாக வைத்தார். "பசியாறிட்டீங்களா?" இல்லை என்றேன். கேன்டீனில் உட்கார்ந்தோம். மாணவியைப் பற்றிச் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"நாலுல ஏன் நிறுத்துனீங்க? வீட்டுல வேற இல்லையா?"

"இன்னும் ரெண்டு இருந்துச்சு."

"அப்புறம்?"

"சிங்க்ல ஊத்திட்டேன்."

"எப்படி ஊத்துனீங்க?"

விளங்காமல் பார்த்தேன். "இல்ல, என்ன நெனச்சு ஊத்துனீங்கன்னு கேக்குறேன்."

யோசித்தேன். "அந்தப் பிள்ளை பேருகூட எனக்குத் தெரியாது. இன்னைக்குக் குடிக்கிறதாவது எனக்கு ஞாபகம் இருக்கட்டும்னு."

"அதைத்தான் நீங்களே செஞ்சிருக்கீங்க" என்றார். "நான் செய்யல. வழுக்குறது எல்லாருக்கும் நடக்கும். ஆனா தனியா, மனசு கஷ்டத்துக்குக் குடிச்சது புதுசு. அதுக்கு என்னோட பதினஞ்சு நிமிஷம் பத்தாது. ஆலோசகரைப் பாருங்க, நான் எழுதித் தர்றேன்." எழுதித் தந்தார். அதே மருத்துவமனையில் ஆலோசகரிடம் ஆறு முறை போனேன்.

அதன் பின் ஒன்றரை ஆண்டு ஓடிவிட்டது. குறைப்பதைவிட நிறுத்துவது எனக்கு எளிதாக இருந்தது. எல்லோருக்கும் அப்படி இருக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். காலையில் கை நடுங்குகிறவர்கள், குடிக்காவிட்டால் வியர்த்துப் படபடக்கிறவர்கள் தாங்களாகவே சட்டென்று நிறுத்திவிடக் கூடாது. அது ஆபத்து. மருத்துவரிடம் போய், அவர் சொல்கிறபடி நிறுத்த வேண்டும். மற்றவர்களுக்கு: அவசரப் பிரிவில் யாராவது எவ்வளவு குடித்தீர்கள் என்று கேட்டால், உண்மையான எண்ணைச் சொல்லிப் பாருங்கள். உங்கள் காதாலேயே அதைக் கேட்பதற்கு ஒரு பலன் இருக்கிறது.

மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது. உள்ளங்கையை மேல்நோக்கி விரிக்கும்போது கடைசிக் கொஞ்சத்தில் நின்றுவிடும். கோயிலில் விபூதி வாங்க வலது கையைத்தான் நீட்டுவோம் என்பதால் யாருக்கும் தெரிவதில்லை. எனக்கு மட்டும் தெரிந்த அந்த எல்லையோடு பழகிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகள் நீளமாகிவிட்டன. முதலில் அந்த நீளம் என்னைப் பயமுறுத்தியது, என்ன செய்வது என்று தெரியாமல் மூன்று முறை வீடு பெருக்குவேன். இப்போது காலையிலேயே பெற்றோர் வீட்டுக்குப் போய்விடுகிறேன். போன ஞாயிறு அம்மாவை உலு யாமில் இருக்கும் சித்தி வீட்டுக்குக் கூட்டிப்போய்த் திரும்பினேன். நான்தான் காரை ஓட்டினேன். செம்பனைக்கு நடுவே சாலை நேராகப் போயிற்று. மழை வந்து நின்றிருந்தது. பக்கத்தில் பேச்சு நின்றதைக் கவனித்துத் திரும்பிப் பார்த்தேன்.

அம்மா வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். மணி மூன்றரை. அன்று எனக்கு ஞாபகம் இல்லாமல் போன அதே ஞாயிறு பிற்பகல் நேரம். வானொலியை அணைத்துவிட்டு, வேகத்தைக் குறைத்தேன்.